கல்லா, காகிதமா: கோணல்மாணலான நாட்டு எல்லைகளை எப்படி அடையாளம் வைக்கிறார்கள்?

கொழிஞ்சாம்பாறைக் கதிர்

வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். தென்னந்தோப்பு கேரளா, தோப்பை ஒட்டிய வரப்பு தமிழ்நாடு, அதைத் தாண்டினால் கள்ளுக்கடை, அது மறுபடி கேரளா. எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் பாலக்காடு மாவட்டம், சந்தைக்குப் பொள்ளாச்சி. மாநில எல்லைதானே, யாருக்கும் பெரிய வம்பு இல்லை. சோதனைச்சாவடியை விட்டுவிட்டு எல்லை எங்கே என்று கேட்டால் பெரியவர்களே குத்துமதிப்பாகத்தான் கையைக் காட்டுவார்கள்.

நேற்று பார்லே என்ற ஊரின் படங்களைப் பார்த்தேன். நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஒரே ஊரைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டிருக்கின்றன. நடைபாதையில் வரிசையாக வெள்ளைச் சிலுவைக்குறி, ஒரு பக்கம் 'பி', மறுபக்கம் 'என்எல்'. சில வீடுகளுக்குள்ளேயே கோடு ஓடுகிறது. இரண்டு நாடுகள் இப்படி ஒரு எல்லையை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? யார் அளந்தார்கள்? கல் ஓரிடமும் வரைபடம் ஓரிடமும் காட்டினால் எது செல்லும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கிலி பிடித்தவன் (நகரி)

தம்பி, நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பார்லேயை நாட்டெல்லையாகப் பார்த்தால் தலை சுற்றும். பத்திரக் கணக்காகப் பார். 1198-ல் பிரபாந்துக் கோமகனும் பிரேடாப் பிரபுவும் நிலம் பங்கிட்டுக்கொண்டார்கள். சில நிலங்கள் இவருக்கு, மீதி அவருக்கு. அன்றைக்கு அது இரண்டு ஜமீன்களின் வரவு செலவு, அவ்வளவுதான். பல நூறு வருடம் கழித்து இரண்டு ஜமீன்களும் வேறு வேறு நாடுகளில் போய்ச் சேர்ந்ததும், அந்த நிலக்கணக்கு அப்படியே நாட்டெல்லை ஆகிவிட்டது.

பெல்ஜியம் தனிநாடான பிறகு எல்லைக் கமிஷன் வரிசையாகக் கல் நட்டுக்கொண்டே வந்தது. 214-ஆம் கல்லோடு பார்லே வந்தது, வேலை நின்றுவிட்டது. 215-ஆம் கல் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் கோடு போட முடியாமல், 1843 உடன்படிக்கையில் 5,732 மனைகளையும் ஒவ்வொன்றாக எழுதி, இது இந்த நாடு, இது அந்த நாடு என்று பட்டியல் போட்டார்கள். மிச்சமிருந்த எல்லைப் பிரச்சினை தீர்ந்தது 1995-ல்தான். இப்போது கணக்கு என்னவென்றால், நெதர்லாந்துக்குள் பெல்ஜியத் துண்டுகள் 22. அந்தப் பெல்ஜியத் துண்டுகளுக்குள்ளே நெதர்லாந்துத் துண்டுகள் 7.

கோடு வீட்டுக்குள் ஓடினால் வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு. கதவு மேலேயே கோடு ஓடுகிற வீடு ஒன்று உண்டு, அதற்கு இரண்டு கதவு எண்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பெல்ஜியம் துணிக்கடைகளை மூடச் சொன்னது, நெதர்லாந்து சொல்லவில்லை. கோட்டின் மேல் இருந்த ஒரு துணிக்கடையில் பாதிக் கடைக்கு நாடா கட்டி, மீதிப் பாதியில் வியாபாரம் நடந்தது.

இதெல்லாம் ஐரோப்பா கூத்து என்று நினைக்காதே. நீ இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா (எங்கள் ஆந்திராச் சித்தூர் அல்ல) கொச்சி ராஜ்யத்தின் துண்டு நிலம். மற்ற கொச்சியோடு ஒட்டாமல், வெள்ளைக்காரனின் மலபாருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே தனியாகக் கிடந்தது. திருவிதாங்கூருக்குள் அஞ்சுதெங்கும் தங்கசேரியும் வெள்ளைக்காரன் வசம். கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் நடுவே ஒரு முகத்தில் 'கொ', மறுமுகத்தில் 'தி' என்று மலையாளத்தில் செதுக்கிய கற்கள் இன்றும் சில இடங்களில் நிற்கின்றன.

வாளையார் லாரி

சர்வேயர் ஐயா, மாஹியை விட்டுவிட்டீர்களே! கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில் புதுச்சேரி. உங்கள் ஆந்திராவில் கோதாவரிக் கரையில் ஏனாம், அதுவும் புதுச்சேரி. 1954 வரைக்கும் அந்த இரண்டும் பிரெஞ்சுக்காரன் கையில். அப்படியென்றால் கேரளாவுக்குள்ளும் ஆந்திராவுக்குள்ளும் நிஜமான வெளிநாட்டு எல்லை இருந்திருக்கிறது. டீசலும் 'மற்றதும்' விலை குறைவு என்பதால் மாஹி எல்லை எங்கே தொடங்குகிறது என்று எந்த டிரைவரையும் கேளுங்கள், ஒரு அடிகூடத் தப்பாமல் சொல்வான்.

அப்புறம் இன்னொன்று. நான் சிலிகுரி வரை சரக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். அந்தப் பக்கத்துக் கூச்பிகார் கதைக்கு முன்னால் பார்லே ஒன்றுமே இல்லை. பங்களாதேஷுக்குள் இந்தியத் துண்டுகள் 111, இந்தியாவுக்குள் பங்களாதேஷ் துண்டுகள் 51 இருந்தன. தஹாலா காக்ராபாரி என்று ஒரு வயல். அது அப்போது இந்திய நிலம். அதைச் சுற்றி இருந்தது பங்களாதேஷ் கிராமம். அந்தக் கிராமத்தைச் சுற்றி இந்தியத் துண்டு. அந்தத் துண்டைச் சுற்றி பங்களாதேஷ். உலகத்திலேயே அப்படி நான்கு அடுக்காக இருந்தது அது ஒன்றுதான்.

கூச்பிகார் ராஜாவும் ரங்க்பூர்க்காரரும் சதுரங்கம் ஆடி ஊர்களைப் பந்தயம் வைத்தார்கள் என்று அங்கே டீக்கடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நிஜம் இல்லை. 1711 முதல் 1713 வரை முகலாயர்களோடு நடந்த சண்டையும் சமாதானமும்தான் காரணம். யார் யார் எந்தெந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தார்களோ அது அவர்களுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

குப்பம் மாணவி

அந்தத் துண்டுகளில் இருந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் அண்ணா? சொந்த நாட்டுக்குப் போகவே அடுத்த நாட்டைத் தாண்ட வேண்டுமே?

வாளையார் லாரி

அதுதான் கொடுமை தங்கச்சி. தாண்டிப் போக விசா வேண்டும், விசா வாங்க ஊருக்குப் போக வேண்டும், ஊருக்குப் போகவே விசா வேண்டும். மின்சாரம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, போலீஸ் வராது. பக்கத்து ஊர்க்காரனை அப்பா என்று எழுதிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்கள் உண்டு. 1974-ல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்துப் போட்டும் நாற்பது வருடம் இழுத்தது. நூறாவது அரசியல் சட்டத் திருத்தம் போட்டு, 2015 ஜூலை 31 நள்ளிரவில் மாற்றிக்கொண்டார்கள். சுமார் 51,000 பேருக்கு அன்றைக்குத்தான் ஒரு நாடு நிச்சயமாயிற்று.

மிச்சம் இருப்பது இந்தியாவுக்குள் இருக்கும் பங்களாதேஷ் துண்டான தஹக்ராம்-அங்கர்போத்தா ஒன்றுதான். அதற்குப் போக 'தீன் பீகா' என்று 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலத்தில் ஒரு வழி. இந்திய நிலம், பங்களாதேஷுக்குக் குத்தகை. 1992-ல் திறந்தபோது பகலில் சில மணி நேரம் மட்டும். 2011-லிருந்து 24 மணி நேரமும் போகலாம்.

வேலியைப் பற்றியும் சொல்கிறேன். நம் ஆட்கள் வேலிதான் எல்லை என்று நினைக்கிறார்கள். இல்லை. எல்லைத் தூண் வயலுக்குள் தனியாக, இடுப்பு உயரத்துக்கு, எண் எழுதி நிற்கும். அதிலிருந்து 150 கஜம் தள்ளி, நம் பக்கத்தில்தான் வேலி. நடுவில் இருப்பதும் நம் நிலம், நம் ஆட்களுடைய நெல்லு. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, பிஎஸ்எஃப்காரர் கேட் திறக்கிற நேரத்தில் மாட்டோடு உள்ளே போய், மூடுகிற நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த கேட்டுக்கு முன்னால் காலையில் நிற்கிற வரிசையில் ஏர், மருந்துத் தெளிப்பான், தூக்குவாளி எல்லாம் இருக்கும். ஜவான் தூக்குவாளியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

குப்பம் மாணவி

ஒரு சந்தேகம். இப்போதுதான் செயற்கைக்கோள், ஜிபிஎஸ் எல்லாம் இருக்கிறதே. உடன்படிக்கையில் இருப்பதை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றிவிட்டால் கல்லே வேண்டாமே? இன்னும் ஏன் தூணும் கல்லும்?

சங்கிலி பிடித்தவன் (நகரி)

நல்ல கேள்வி அம்மா. இரண்டு பதில்.

முதலாவது, எண் மட்டும் போதாது, எந்த உருண்டையின் மேல் போட்ட எண் என்று சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பழைய சர்வே வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பழைய உருண்டைக் கணக்கில் போட்டவை. உன் கைபேசி டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் காட்டுகிறது. இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டால் தரையில் நூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளி நிற்பாய். பழைய உடன்படிக்கையில் இருக்கும் எண்ணை அப்படியே கைபேசியில் தட்டிப் பார்க்கிறவர்கள் இதனால்தான் இல்லாத ஆக்கிரமிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இரண்டாவது, அதைவிட முக்கியம். நம் கிரயப் பத்திரத்தில் 'இதற்கு நான்கெல்லை' என்று எழுதி வடக்கே இன்னார் தோட்டம், கிழக்கே வண்டிப்பாதை என்று போடுவோம், பிறகு இத்தனை ஏக்கர் சென்ட் என்று அளவு போடுவோம். அளவும் நான்கெல்லையும் ஒத்துவராவிட்டால் நம் கோர்ட்டுகள் பொதுவாக எதை எடுத்துக்கொள்ளும்? நான்கெல்லையை. நாட்டு விவகாரத்திலும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டு பேரும் சேர்ந்து நட்டு, ஒப்புக்கொண்ட கல்தான் எல்லை. கணக்கு தப்பாக இருந்தாலும் கல்தான்.

அமெரிக்கா கனடா எல்லையைப் பார். 1818 ஒப்பந்தப்படி 49 பாகை வடக்கு. வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். 1872-லிருந்து 1876 வரை இரண்டு நாட்டு சர்வேயர்களும் சமவெளியில் நட்சத்திரம் பார்த்து அளந்து குறி வைத்துக்கொண்டே போனார்கள். மலையோரம் வரவர தூக்குக்குண்டு நேரே கீழே தொங்காது, பாறையின் ஈர்ப்பு அதைக் கொஞ்சம் இழுக்கும். பரங்கிமலையில் 1802-ல் லாம்ப்டன் அளவைக்கு அடிப்படைக் கோடு போட்டுத் தொடங்கிய நம் பெரிய சர்வே பிற்பாடு இமயமலை அடிவாரத்துக்குப் போனபோதும் இதே தொல்லைதான். ஆக, அங்கே நட்ட குறிகள் நிஜமான 49 பாகைக்கு வடக்கிலும் தெற்கிலும் சில நூறு அடி வரை விலகி இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் அந்த நேர்கோடு கோணல். ஆனால் யாரும் கல்லைப் பிடுங்கி நகர்த்தவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நேர்கோடு, அதுதான் எல்லை என்று 1925-ல் எழுதியே வைத்துவிட்டார்கள்.

காட்டுக்குள் கோடு தெரிவதற்காக 20 அடி அகலத்துக்கு மரம் வெட்டித் திறந்தே வைத்திருக்கிறார்கள். அதற்கென்று இரு நாட்டுக் கமிஷன் ஒன்று இருக்கிறது. ஒரு குறியிலிருந்து அடுத்த குறி கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் அவர்கள் வேலை. விட்டால் பத்துப் பதினைந்து வருடத்தில் காடு மூடிவிடும்.

கல் நடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக், குவைத். அந்த எல்லையைப் பழைய கடிதத்தில் எப்படி எழுதியிருந்தார்கள் தெரியுமா? சஃப்வான் ஊரின் கிணறுகளுக்குத் தெற்கே. அவ்வளவுதான். எவ்வளவு தெற்கே? 1923-ல் அங்கே ஒரு பலகை வைத்தார்கள், அதுவும் பிறகு காணாமல் போயிற்று. கடைசியில் 1991 போருக்குப் பிறகு ஐக்கிய நாடுகள் சபைக் கமிஷன் போய்ப் பழைய படங்களையும் கடிதங்களையும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, வரிசையாகத் தூண் நட்டு முடித்தது.

மலையோரம் (வண்டிப்பெரியாறு)

சர்வேயர் சார், 'கல்தான் எல்லை' என்று ஒரே அடியாக அடிக்காதீர்கள். கல்லே நடாத இடத்தில் வரைபடம் ஜெயித்த வழக்கு இருக்கிறது.

தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே பிரா விகார். மலை உச்சியில் பழைய சிவன் கோயில். 1904 உடன்படிக்கையில் மலைத்தொடரின் நீர்ப்பிரிமுகடுதான் (மழைநீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுகிற முகடு) எல்லை என்று எழுதியிருக்கிறது. முகட்டின்படி பார்த்தால் கோயில் தாய்லாந்தில் வரும் என்பது அவர்கள் வாதம். ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் போட்ட 1907 வரைபடத்தில் கோயில் கம்போடியாவுக்குள். சயாம் அந்த வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டது, கூடுதலாகப் பிரதியும் கேட்டது, ஆட்சேபம் மட்டும் சொல்லவில்லை. 1930-ல் சயாமிய இளவரசர் தம்ரோங் கோயிலுக்குப் போனபோது பிரெஞ்சு அதிகாரி பிரெஞ்சுக் கொடி ஏற்றி வரவேற்றார். இளவரசர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. 1962-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம், இத்தனை வருடம் வாய் மூடி இருந்ததே சம்மதம் என்று 9-க்கு 3 என்ற கணக்கில் கம்போடியாவுக்குக் கொடுத்தது. உடன்படிக்கையின் எழுத்து தோற்றது, படம் ஜெயித்தது.

தீர்ப்பு வந்து என்ன? 2011-லும் சண்டை, 2025 ஜூலையில் அந்த எல்லை நெடுக மறுபடி சண்டை, ஆட்கள் செத்தார்கள்.

எங்களுக்கு இது சும்மா செய்தி இல்லை. குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஜீப் போகிற பாதை குமுளியிலிருந்து, கேரளக் காட்டுக்குள். தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து செங்குத்தாக நடைபாதை. பிரா விகாரும் அப்படித்தான், சுலபமான ஏற்றம் தாய்லாந்துப் பக்கம், கம்போடியாப் பக்கம் மலைச்சரிவு. எங்கள் கோயில் யாருடையது என்று இரண்டு மாநிலமும் பேசாத வருடம் கிடையாது. ஆனால் சித்திரா பௌர்ணமிக்கு இடுக்கி கலெக்டரும் தேனி கலெக்டரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, எத்தனை ஜீப், எத்தனை மணிக்குக் கீழே இறங்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் வனத்துறையும் நிற்பார்கள். ஒரு பக்கம் மலையாளப் பூசை, ஒரு பக்கம் தமிழ்ப் பொங்கல். துப்பாக்கி கிடையாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிரா விகாரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எல்லைக்காவலன்

இதைச் சொல்ல வந்தவர்கள் தேவிகுளம், பீர்மேடு ஏன் கேரளாவில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். 1956-ல் நடந்தது என்ன? தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு கிடைத்தது, செங்கோட்டை கிடைத்தது, மலை மட்டும் போயிற்றே. முல்லைப்பெரியாறு

நெறியாளர்

'எல்லைக்காவலன்', இதற்கென்று தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அங்கேயும் நீங்கள்தான் கடைசியாக எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பதிவை அங்கே மாற்றிவிட்டேன். இங்கே நாட்டெல்லைகள், அவற்றின் வடிவம், அடையாளம். மாநில எல்லையை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், சண்டைக்கு வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக் கதிர்

மலையோரம் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு ஹேக் நீதிமன்றத்தின் பழைய வழக்குகளைத் தேடினேன். எங்கே போய் நின்றேன் தெரியுமா? பார்லேயிலேயே! 1959-ல் பெல்ஜியமும் நெதர்லாந்தும் இரண்டே இரண்டு மனைக்காக வழக்காடியிருக்கிறார்கள். சோன்டர்ஐகன் பக்கத்தில் 91, 92 எண் மனைகள், புல்வெளி. 1841-ல் இரண்டு ஊராட்சிகளும் எழுதிய குறிப்பில் அவை நெதர்லாந்துப் பக்கம் என்று இருந்ததாம். 1843 உடன்படிக்கையில் சேர்த்த பிரதியில் பெல்ஜியம் என்று வந்துவிட்டது. எழுத்தர் பிழை என்றது நெதர்லாந்து. தாங்கள்தான் இத்தனை வருடமும் வரி வாங்கினோம், பத்திரம் பதிந்தோம் என்றும் சொன்னது. ஆனாலும் நீதிமன்றம் உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் என்று பெல்ஜியத்துக்குக் கொடுத்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். ஐயா கல் என்கிறார், அக்கா படம் என்கிறார், இங்கே காகிதம் ஜெயித்திருக்கிறது. அனுபவ பாத்தியதை தோற்றிருக்கிறது. ஏதாவது ஒரு விதி இருக்கிறதா இல்லையா?

சங்கிலி பிடித்தவன் (நகரி)

கதிர், வழக்கைச் சரியாகப் பிடித்தாய். அங்கே நெதர்லாந்து செய்தது ஊர் அளவில் நடக்கிற வாடிக்கையான பதிவு வேலை. சர்வேயில் அவர்கள் பக்கம் சேர்த்துவிட்டதால் தானாக நடந்த காரியம். அதை வைத்துப் பெல்ஜியம் தன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் நினைத்தது. பிரா விகாரில் ஒரு நாட்டின் இளவரசரே வந்து நின்று, அடுத்த நாட்டுக் கொடியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கிராமக் கணக்குப்பிள்ளை செய்ததும் ராஜா வீட்டுப்பிள்ளை செய்ததும் ஒரே எடை அல்ல. ஆனாலும் மலையோரம் அம்மா சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். படத்தை அனுப்பினால் பிரித்துப் பார்த்து, தப்பென்றால் உடனே எழுதிவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் புலப்படத்துக்கும் அதே விதிதான்.

வடிவத்தைப் பற்றி நீ முதலில் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தை வரைபடத்தில் பார்த்தால் எல்லை எலி கடித்த மாதிரி இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆந்திரா, சென்னை மாநில எல்லையைப் பிரித்துக்கொடுத்த மத்தியஸ்தர் படாஸ்கர் அடிப்படையாக வைத்தது கிராமத்தை. ஒவ்வொரு கிராமத்திலும் எந்த மொழிக்காரர் அதிகம், அந்தக் கிராமம் மாநிலத்தோடு தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அப்படித்தான் சென்னை மாநிலத்துக்குப் போனது. கிராம எல்லை ஏற்கெனவே ஓடையையும் ஏரிக்கரையையும் ஒட்டி நெளிந்து ஓடியது, மாநில எல்லையும் அப்படியே நெளிந்துவிட்டது. மனையை அடிப்படையாக வைத்தால் பார்லே மாதிரி வரும். அட்சரேகையை வைத்தால் கனடா. முகட்டை வைத்தால் பிரா விகார். எதை அலகாக எடுத்தார்கள் என்று கேட்டால் பாதி வடிவம் புரிந்துவிடும். நான் இதை எத்தனை பேரிடம் சொல்லியும் 'யாரோ லஞ்சம் வாங்கி வளைத்துவிட்டான்' என்றுதான் ஊரில் பேசுகிறார்கள்.

வாளையார் லாரி

வளைத்தவனும் உண்டு ஐயா! 2021-ல் பெல்ஜியத்தில் எர்கெலின் என்ற ஊரில் ஒரு விவசாயி. டிராக்டருக்கு இடைஞ்சலாக இருந்த கல்லைப் பிடுங்கி இரண்டேகால் மீட்டர் தள்ளி நட்டுவிட்டார். அது 1819 என்று செதுக்கிய பிரான்ஸ் எல்லைக்கல். பெல்ஜியம் அந்த இடத்தில் கொஞ்சம் பெருத்துவிட்டது, பிரான்ஸ் இளைத்துவிட்டது. பழைய கற்களைப் பார்த்துக்கொண்டு நடந்த உள்ளூர் ஆர்வலர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். அந்த ஊர் மேயர் சிரித்துக்கொண்டே, கல்லைத் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறார். வைக்காவிட்டால் 1930-க்குப் பிறகு கூடாத எல்லைக் கமிஷனைக் கூட்ட வேண்டியிருக்குமாம்.

எனக்குப் பிடித்தது பீர் தாவில். எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே 2,060 சதுர கிலோமீட்டர், இரண்டு பேரும் வேண்டாம் என்கிற நிலம். 1899-ல் போட்ட எல்லைக்கோட்டைப் பிடித்தால் கடலோர ஹலாயிப் எகிப்துக்கு, பீர் தாவில் சூடானுக்கு. 1902-ல் போட்ட கோட்டைப் பிடித்தால் தலைகீழ். இரண்டு பேருக்கும் ஹலாயிப்தான் வேண்டும். அதனால் எகிப்து 1899 கோட்டைச் சொல்கிறது, சூடான் 1902 கோட்டைச் சொல்கிறது. பீர் தாவிலைக் கேட்டு வாங்கினால் ஹலாயிப் கையை விட்டுப்போகும். ஆக அதற்குப் பட்டாதாரர் இல்லை. லோடு கிடைக்காத மாதத்தில் போய் இரண்டு ஏக்கர் வளைக்கலாமா என்று யோசிக்கிறேன். தண்ணீர் இல்லையாம், அதுதான் ஒரே குறை.

குப்பம் மாணவி

நான் படித்ததில் ஒன்று. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் மார்கெட் என்று ஒரு பாறைத்தீவு, நீளமே 350 மீட்டர். எல்லை நடுவில் நேராகத்தான் ஓடியது. 1885-ல் கலங்கரை விளக்கம் கட்டியவர்கள் தெரியாமல் ஸ்வீடன் பக்கத்தில் கட்டிவிட்டார்கள். (பின்லாந்து அப்போது ரஷ்யாவிடம்.) நூறு வருடம் கழித்து 1985-ல் விளக்கம் பின்லாந்துக்கு வருகிற மாதிரியும், இரண்டு பேருக்கும் நிலம் குறையாத மாதிரியும், கடலோர நுனிகள் மாறாத மாதிரியும் எல்லையைப் பாம்பு மாதிரி வளைத்தார்கள். அங்கே கல் நட முடியாது, குளிர்காலத்துப் பனிப்பாளம் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் பாறையில் துளை போட்டிருக்கிறார்கள்.

முகடுதான் எல்லை என்றால் முகடு நகர்ந்தால் என்ன செய்வார்கள்? இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே மேட்டர்ஹார்ன் பக்கம் பனியாறு உருகி நீர்ப்பிரிமுகடே இடம் மாறிவிட்டதாம். ஒரு மலை விடுதி எந்த நாடு என்று பேச்சு நடந்து, 2023-ல்தான் ஒத்துக்கொண்டார்கள்.

சங்கிலி பிடித்தவன் (நகரி)

ஆற்றுக்கு இருக்கிற வழக்கம் பனிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் அம்மா. ஆறு மெல்ல மெல்லக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் புது வழி பிடித்துப் பாய்ந்தால் எல்லை பழைய மணலிலேயே நிற்கும். அமெரிக்கா மெக்சிகோ எல்லையில் இருக்கும் எல் பாசோவில் ரியோ கிராண்டே ஆறு 1864 வெள்ளத்தில் தெற்கே தள்ளிப் போய், சாமிசால் என்ற மெக்சிகோ நிலம் அமெரிக்கப் பக்கம் மாட்டிக்கொண்டது. அரித்ததா, பாய்ந்ததா என்று நூறு வருட வழக்கு. 1963-ல் உடன்பாடு செய்து, ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலில் விட்டுவிட்டார்கள்.

பொழிமுகம் (பொழியூர்)

எல்லாரும் கரையிலேயே நிற்கிறீர்கள். கடலுக்கு வாருங்கள். இங்கே பொழியூர் கேரளா, அடுத்த நீரோடி தமிழ்நாடு, கடற்கரையில் மணல் ஒன்றுதான், வலையும் ஒன்றுதான். எங்கள் ஆட்களுக்குப் பிழைப்பு கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் இருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடித் திட்டிலும் அதற்கு வெளியிலும். அங்கே கல் எங்கே நடுவது? அண்ணன்மார் விவரம் தெரிந்தால் சொல்லுங்கள், இலங்கைக் கோடு யார் போட்டது, எப்படிப் போட்டது?

சங்கிலி பிடித்தவன் (நகரி)

இரண்டு ஒப்பந்தம். 1974 ஜூனில் பாக் நீரிணைக்கு, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது அதில்தான். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும். இரண்டிலும் வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை தீர்க்கரேகை. புள்ளிக்குப் புள்ளி கோடு. அந்த 1976 ஏற்பாட்டில்தான் வாட்ஜ் பேங்க் இந்தியப் பக்கம் வந்தது. இலங்கைப் படகுகள் அங்கே மூன்று வருடம் மட்டும் அனுமதியோடு மீன் பிடிக்கலாம் என்று கடிதம் மாற்றிக்கொண்டார்கள்.

பொழிமுகம் (பொழியூர்)

நன்றி அண்ணா. எங்கள் பெரியவர்கள் கடலில் இடம் பிடிப்பது கணிச்சம் வைத்து. கரையில் ஒரு பள்ளிக் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி படகை நிறுத்துவார்கள், இன்னொரு பக்கம் அதேபோல் வேறு இரண்டு அடையாளம். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார் (கடலடிப் பாறை) இருக்கும். சொன்ன இடத்தில் தூண்டில் போட்டால் கலவா கிடைக்கும். ஆனால் கரை தெரிகிற வரைக்கும்தான் கணிச்சம். தூத்தூர்க்காரர்கள் தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தொழில்) போவதெல்லாம் அதற்கும் எத்தனையோ தூரம் வெளியே. டியகோ கார்சியா பக்கம் வெள்ளைக்காரன் பிடித்திருக்கிறான், மாலத்தீவிலும் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது படகில் ஜிபிஎஸ் உண்டு, கோட்டை நெருங்கினால் சத்தம் போடும். படகு கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். ராத்திரி விட்ட வலை நீவாட்டில் (நீரோட்டத்தில்) போய் அந்தப் பக்கம் கிடக்கும். வலையை அறுத்துவிட்டு வருவதா, போய் எடுப்பதா? ஒரு வலை லட்சக்கணக்கில் விலை. கோட்டைப் போட்டவர்கள் படகுக்குப் போட்டார்கள், வலைக்குப் போடவில்லை.

மலையோரம் (வண்டிப்பெரியாறு)

தம்பி, வலை தானாக நீவாட்டில் போய்விட்டால் அதற்கென்று ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா? வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுப் போய் எடுக்கலாம் என்பது மாதிரி?

பொழிமுகம் (பொழியூர்)

எழுத்தில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை அக்கா. பக்கத்துப் படகை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, அந்தப் பக்கம் விளக்கு ஏதாவது தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, தெரியவில்லை என்றால் போய் எடுப்பார்கள்.